அஞ்சரைக்கு முன்னாடி போட்ட பில்லெல்லாம் நேத்து தேதில வருது

கேள்வி, ஏப்ரல் 17
மாதவரத்துல எடை மேடை வச்சிருக்கேன். பழைய டாஸ் ப்ரோக்ராம். அது ஓடிட்டிருந்த பொட்டில மதர்போர்டு செத்துப்போச்சு, தெரிஞ்ச பையன் லினக்ஸ் போட்ட லேப்டாப்ல, கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடற க்யூஎமுங்கற சாஃப்ட்வேருக்குள்ள ஏத்திக் குடுத்தான். எல்லாம் ஓடுது. ஆனா ராத்திரி லோடுக்கு அடிக்கிற சீட்டுல முந்தின நாள் தேதி விழுது, பகல்ல சரியா வருது. லாரிக்காரங்க சண்டைக்கு வராங்க. இது க்யூஎமு பக்தானே, எங்க ரிப்போர்ட் பண்றது?

பதில், ஏப்ரல் 17, ராத்திரி 11:50
பக் இல்ல, ரிப்போர்ட் பண்ணிடாதீங்க. ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லுங்க, காலைல 5:29க்கு அடிச்ச சீட்டு நேத்து, 5:31க்கு அடிச்சது இன்னிக்குன்னு வருதா? வந்தா கதை முடிஞ்சுது. க்யூஎமு உள்ள இருக்கிற மெஷினுக்கு குடுக்கிற கடிகாரம், நாம ஒண்ணும் சொல்லலன்னா யூடிசி, அதாவது கிரீன்விச் மணி, நம்ம மணிக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. லினக்ஸ் உள்ள ஓடினா அது யூடிசின்னு புரிஞ்சுக்கிட்டு அஞ்சரை மணி கூட்டிக்கும். டாஸுக்கு அந்த அறிவெல்லாம் கெடையாது, சிப்புல என்ன இருக்கோ அதான் மணி. ஸ்டார்ட் பண்ற கமாண்டுல ஆர்டிசின்னு, அதாவது அந்த கடிகார சிப்புக்கான ஆப்ஷன் போட்டு, பேஸுக்கு நேரா லோக்கல்டைம்னு குடுங்க. டாஸுக்கும் விண்டோஸுக்கும் இது வேணும்னு அவங்க டாகுமென்ட்லயே ஒரு வரி இருக்கு.

சீட்டுல மணி அடிக்காதா? அடிச்சிருந்தா அஞ்சரை மணி வித்தியாசம் பட்டுன்னு தெரிஞ்சிருக்குமே.

ஏப்ரல் 18
இவ்ளோ தெளிவா சொல்றேனே, எப்படித் தெரியும்னு கேக்கறாங்க. அடிபட்டுதான்.

எங்க சித்தப்பாவுக்கு காசிமேட்டுல ஐஸும் கமிஷனும் சேந்த கடை. கணக்கு ஓடறது க்ளிப்பர்ங்கற பழைய டாஸ் லாங்குவேஜ்ல எழுதின ப்ரோக்ராம், தொண்ணூறுகள்ல யாரோ தெரிஞ்சவர் எழுதிக் குடுத்தது, சோர்ஸ் எங்க போச்சுன்னு அவருக்கே தெரியாது. அங்க ஏலம் விடியறதுக்குள்ள நடக்கற விஷயம். மூணு மணிக்கு வஞ்சிரம், நாலு மணிக்கு சங்கரா, ஆறு மணிக்கெல்லாம் பாதி கூட்டம் கலைஞ்சிடும். ஆக கடையோட முக்காவாசி பில்லு அஞ்சரைக்கு முன்னாடிதான். ஒரே லாஞ்சு, ஒரே சரக்கு, 4:10க்கு போட்ட பில்லுல நேத்து தேதி, 5:40க்கு போட்டதுல இன்னிக்கு தேதி. சாயந்தரம் நாள் கணக்கு பாத்தா எதுவும் டேலி ஆகல. லாஞ்சு ஓனர் ஒருத்தர் பில்ல நீட்டி, "நேத்து என் லாஞ்சு கரைக்கே வர்ல நைனா, நேத்து தேதில எப்டி மீன் வித்தே?"ன்னு கேட்டாரு. சித்தப்பா என்னைக் கூப்ட்டு, "இன்னாடா இது, பொட்டி நேத்துலயே கீது?"ன்னாரு.

நான் முதல்ல சந்தேகப்பட்டது க்ளிப்பர. அது கணக்க எழுதி வைக்கற டிபிஎஃப் ஃபைல ஹெக்ஸ்ல, பைட் பைட்டா தொறந்து பாத்தேன். அந்த ஃபைலோட தலையிலயே, ரெண்டாவது மூணாவது நாலாவது பைட்டுல, கடைசியா எழுதின வருஷம் மாசம் நாள் இருக்கும். நாள் பைட்டுல நேத்து தேதி. அப்ப பிரிண்டிங்ல கோளாறு இல்ல, ப்ரோக்ராமே நேத்துன்னுதான் நம்பிட்டிருக்கு. க்ளிப்பர் டாஸ கேக்குது, டாஸ் சிப்ப கேக்குது, சிப்பு க்யூஎமுவோடது. ஆக க்யூஎமு பக்குன்னு முடிவு பண்ணி ரிப்போர்ட் எழுதவும் ஆரம்பிச்சுட்டேன், தலைப்பெல்லாம் வச்சாச்சு. அனுப்பறதுக்கு முன்னாடி மறுபடியும் எந்த கமாண்டுல ஸ்டார்ட் பண்றோம்னு காப்பி பண்ணப் போனப்பதான் உறைச்சுது.

ஏப்ரல் 19
நேத்து எழுதினதுல பாதிய மறைச்சுட்டேன், மனசு கேக்கல.

அந்த ஸ்டார்ட் ஸ்க்ரிப்ட் முன்னாடி வேற லேப்டாப்ல வருஷக்கணக்கா ஒழுங்கா ஓடிச்சு. அதுல லோக்கல்டைம்னு தனியா ஒரு பழைய ஆப்ஷன் இருந்துச்சு, ஆர்டிசி கீர்டிசி எதுவும் இல்லாம. அத 3.1 வெர்ஷன்ல தூக்கிட்டாங்க, 2018 டிசம்பர். புது லேப்டாப்ல புது க்யூஎமு போட்டதும் இன்வாலிட் ஆப்ஷன்னு துப்பிச்சு. அன்னிக்கு ராத்திரி கடைல ஐஸ் பார் இறக்கிட்டிருந்தாங்க, சித்தப்பா தலைக்கு மேல நின்னுட்டு "ஆச்சா ஆச்சா"ன்னாரு. நான் அந்த வார்த்தைய அழிச்சேன். ஸ்டார்ட் ஆச்சு. ஆச்சுன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போய்ட்டேன்.

அந்த ஒரு வார்த்தைதான் அஞ்சரை மணி நேரம். அழிச்சவன் நான், திட்டு வாங்கினது க்யூஎமு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

ஏப்ரல் 21
எடை மேடைக்காரர் சரியாய்டுச்சுன்னு சொல்லிட்டாரு. நன்றி எனக்கு வேணாம், அந்த டாகுமென்ட் வரிக்கு சொல்லுங்க.

ஏப்ரல் 26
சரியாகல.

அவருக்கும் இல்ல, எங்களுக்கும் இல்ல. ராத்திரி 12:20க்கு அடிச்ச சீட்டுல மறுபடியும் முந்தின நாள் தேதின்னு எழுதியிருக்காரு. நான் "இல்லியே, எங்க கடைல சரியாத்தான இருக்கு"ன்னு பதில் டைப் பண்ணிட்டே போய் பாத்தேன், டாஸ்ல மணி 9 நிமிஷம் பின்னாடி. இப்ப தடைக்காலம், ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு எதுவும் போகாது, ஃபைபர் போட்டு மட்டும் போகும். கடைல நாளைக்கு பத்து பில்லு இருந்தா பெருசு. அதான் யாரும் கவனிக்கல.

9 நிமிஷம்ங்கறதுல ஒரு வேடிக்கை இருக்கு. இந்த ஊருக்குன்னு தனியா மெட்ராஸ் டைம்னு ஒண்ணு இருந்துச்சு, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முன்னாடி, ரயிலெல்லாம் அதுலதான் ஓடிச்சு. 1906 ஜனவரி 1ல அஞ்சரை வந்துச்சு. ஆக எங்க சித்தப்பா கடை பொட்டி அன்னிக்கு கரெக்டா மெட்ராஸ் டைம் காட்டிட்டிருந்துச்சு. அடுத்த நாளே 31 நிமிஷம் ஆய்டுச்சு, ஜோக்கும் போச்சு.

இன்னொருத்தர் மணி பின்தங்கறத சரி பண்ண ட்ரிஃப்ட்ஃபிக்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுக்கு ஸ்லூன்னு குடுங்கன்னாரு. குடுத்தேன். சரியான மாதிரி இருக்கு. எடை மேடைக்காரரே, நீங்களும் போடுங்க.

ஏப்ரல் 27
போடாதீங்க. போட்டாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது, ஆனா பிரயோஜனம் இல்ல. நேத்து "சரியான மாதிரி இருக்கு"ன்னு எழுதினது ஏன்னா நேத்து கடை லீவு, யாரும் லேப்டாப்ப தொடல.

உக்காந்து க்யூஎமுவோட சோர்ஸ் கோட படிச்சேன். அந்த ட்ரிஃப்ட்ஃபிக்ஸ் ஆர்டிசி சிப்பு அப்பப்ப அடிக்கற சிக்னலுக்கு (இன்டரப்ட்) மட்டும், அதுவும் விண்டோஸ மனசுல வச்சு எழுதினது. விண்டோஸ் சில செட்டப்ல ஆர்டிசியோட அடிய எண்ணித்தான் நேரம் பாக்கும், அதுல தவறிப்போன அடிய திருப்பிக் குடுக்கறது இதோட வேலை. டாஸ் அப்படி இல்ல. டாஸ் ஸ்டார்ட் ஆகும்போது ஒரே ஒரு தடவை ஆர்டிசிய பாத்து மணி என்னன்னு கேட்டுக்கும், அப்பால அதோட சகவாசமே வச்சுக்காது. வேற சிப்பு, டைமர் சிப்பு, செகண்டுக்கு 18.2 தடவை தட்டும், அத பயாஸ், அதாவது பொட்டியோட அடிப்படை ப்ரோக்ராம், எண்ணி வைக்கும், டாஸ் அந்த எண்ணிக்கைய பாத்து மணி சொல்லும். ஒரு நாளைக்கு 1573040 தட்டு. அவ்ளோ ஆச்சுன்னா நடுராத்திரி, எண்ணிக்கை பூஜ்யம், தேதி மாறணும்னு ஒரு கொடி தூக்கி வைக்கும்.

கல்யாண வீட்டுல வாசல்ல ஒரு தடவ மணி கேட்டுட்டு அப்பறம் நாதஸ்வரக்காரரோட தாளத்த எண்ணி முகூர்த்தம் பாக்கற மாதிரி. அவர் நடுவுல டீ குடிக்கப் போய்ட்டா முகூர்த்தம் தள்ளிப்போகும்.

அப்ப கேள்வி என்னன்னா, எங்க டைமர் எப்ப டீ குடிக்கப் போகுது?

மே 3
கெடைச்சுது. மூடி.

லேப்டாப் மூடிய சொல்றேன். மீன் கடைல லேப்டாப் எப்படி இருக்கும்னு நேர்ல பாத்தாதான் தெரியும். கீபோர்டு மேல ஒரு ப்ளாஸ்டிக் ஷீட்டு, அதுக்கு மேலயும் எஃப் கீ வரிசைல சங்கரா செதில் நாலு ஒட்டிட்டு காஞ்சுபோயிருக்கும், ஐஸ் உடைக்கும்போது தண்ணி தெறிக்கும். அதனால ஒரு பில்லு போட்டதும் சித்தப்பா டப்புனு மூடிடுவாரு. அடுத்த ஆளு வந்தா தொறப்பாரு. மூடினா லினக்ஸ் தூங்கிடும். டாஸோட டைமர் சிப்ப க்யூஎமு ஓட்டறது அதோட வர்ச்சுவல் கடிகாரத்துல, அது ஹோஸ்டோட, அதாவது வெளிய இருக்கற லேப்டாப்போட, மோனோடானிக் (முன்னாடி மட்டுமே போற) கடிகாரத்த நம்பி இருக்கு, லினக்ஸ்ல அந்த மோனோடானிக் கடிகாரம் லேப்டாப் தூங்கற நேரத்த கணக்குல சேக்காது. ஆனா ஆர்டிசி சிப்பு ஹோஸ்டோட நிஜ மணிய பாத்து ஓடுது, டீஃபால்ட்டே அதான். ஒரே பொட்டில ரெண்டு கடிகாரம், ஒண்ணு முழிச்சிட்டிருந்த நேரத்த மட்டும் எண்ணுது, இன்னொண்ணு எல்லாத்தையும் எண்ணுது.

நிரூபிக்கறது சுலபம். டாஸ்ல டைம்னு அடிச்சேன், 4:55 காட்டிச்சு. டாஸோட டீபக் ப்ரோக்ராம தொறந்து, ஆர்டிசிகிட்ட நேரா மணி கேக்க போர்ட் 70க்கு 4ன்னு எழுதி 71ஐ படிச்சேன், 06 வந்துச்சு. நிமிஷம் கேக்க 70க்கு 2 எழுதி படிச்சேன், 12. சுவத்துல மணி 6:12. பக்கத்து பக்கத்துல ரெண்டு மணி, நடுவுல 1 மணி 17 நிமிஷம். அந்த 77 நிமிஷமும் சித்தப்பா மூடி வச்ச நேரம். ஃபோட்டோ புடிச்சு வச்சிருக்கேன், யாருக்கு காட்டறதுன்னுதான் தெரியல, வீட்டுல காட்டினா "அதுக்கு இன்னா இப்போ"ன்னாங்க.

எடை மேடைக்காரரே, உங்க ஆளும் லாரி வராத நேரத்துல மூடி வைக்கறாரா கேளுங்க.

மே 4
மூடறாராம். கொசுவுக்கு ஸ்க்ரீன் வெளிச்சம் ஆவாதாம்.

நேரா போற வழி, மூடினா தூங்காதேன்னு லினக்ஸோட லாகின்டி கான்ஃபிக் ஃபைல்ல லிட் ஸ்விட்ச்சுக்கு இக்னோர்னு போட்டுடறது. அவருக்கு அத சொல்லிட்டேன், அவரு போட்டுட்டாரு. நான் போடல. மூடி வச்ச லேப்டாப் ஓடிட்டே இருந்தா, அந்தக் கடைல, இந்த கத்திரி வெயில்ல, வெந்துபோகும். டாஸ் வேற சும்மா இருக்கும்போதுகூட சும்மா இருக்காது, கீ அமுக்கறாங்களா அமுக்கறாங்களான்னு சுத்திட்டே இருக்கும், ஹோஸ்ட்ல ஒரு கோர் நூறு பர்சென்ட்ல நிக்கும். ஃப்ரீடாஸ்ங்கற இலவச டாஸோட வர எஃப்டிஏபிஎம்ங்கற பவர் மிச்சம் பண்ற ப்ரோக்ராம ஏத்தி விட்டா அந்த சுத்தல் அடங்குது, ஃபேன் சத்தம் நின்னுச்சு. ஆனாலும் எனக்கு மூடி தூங்கணும், மணியும் சரியா இருக்கணும். அதனால ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதப் போறேன், கணக்கு ப்ரோக்ராம தொறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் பேட்ச் ஃபைல் (கமாண்டுகள வரிசையா ஓட்டற ஃபைல்) அத கூப்டும், அது ஆர்டிசிய பாத்து டாஸ் மணிய திருத்தி வைக்கும். இருபது வரி அசெம்ப்ளி. அரை மணி நேர வேலை.

மே 10
அரை மணி நேர வேலைன்னு சொன்னவன எங்க இருந்தாலும் தேடிப் புடிச்சு ஒதைக்கணும்.

எழுதினேன். 4:05க்கு டெஸ்ட் பண்ணேன், 4:05. 4:09க்கு பண்ணேன், 4:09. சூப்பர்னு மூடிட்டு டீ குடிச்சேன். சித்தப்பா ஒரு மணி நேரத்துல போன் போட்டு, "டேய், இம்மா நாளு பின்னாடி ஓடிச்சு, இப்போ முன்னாடி ஓடுது"ன்னாரு.

என்ன ஆச்சுன்னா, ஆர்டிசி மணிய பிசிடில குடுக்கும், அதாவது பத்து நிமிஷத்த ஹெக்ஸ் 10னு. டாஸுக்கு சாதா எண்ணா குடுக்கணும். நான் மாத்தாம அப்படியே தள்ளிவிட்டுட்டேன். ஹெக்ஸ் 10ன்னா 16. ஆக 09 வரைக்கும் எல்லாம் கரெக்ட், 4:10 ஆனா 4:16. இதோட நின்னிருந்தா பரவால்ல. டாஸ் 3.3க்கு மேல, மணிய செட் பண்ணினா டாஸ் அத ஆர்டிசிலயும் எழுதி வச்சிடும். அதனால அடுத்த தடவ என் ப்ரோக்ராம் ஆர்டிசிய கேட்டா அது 16ங்குது, நான் 22ன்னு செட் பண்றேன். அடுத்தது 34. அடுத்தது 52. அடுத்தது 82, அத டாஸ் முடியாதுன்னு திருப்பி அனுப்பிடும். ஒவ்வொரு தடவை ப்ரோக்ராம மூடித் தொறக்கும்போதும் மணி எகிறி எகிறி குதிச்சிருக்கு. க்யூஎமுவ மூடித் தொறந்ததும் ஹோஸ்ட் மணிக்கே வந்துடுச்சு, நல்ல வேளை.

மூணு வாரமா க்யூஎமு தப்பு, டாஸ் தப்பு, மூடி தப்புன்னு ஊரையே குத்தம் சொல்லிட்டு, மொத்தத்துலயும் நிஜமான பக்க எழுதினது நான்தான்.

மே 11
மாத்திட்டேன். மேல் நாலு பிட்ட ஒரு பக்கம், கீழ் நாலு பிட்ட ஒரு பக்கம் பிரிச்சு ஏஏடி இன்ஸ்ட்ரக்ஷன் ஒண்ணு போட்டா பத்தால பெருக்கி கூட்டிக் குடுத்துடுது. அதே இன்ஸ்ட்ரக்ஷன காலேஜ்ல பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிருக்கேன், எதுக்குன்னு இன்னிக்குதான் தெரிஞ்சுது.

மே 12
தேதியையும் செட் பண்ணணும். பதினொண்ணரைக்கு மூடி ரெண்டு மணிக்கு தொறந்தா மணி மட்டும் 2:00ன்னு திருந்தும், தேதி நேத்துலயே நிக்கும், ஏன்னா நடுராத்திரி கொடிய தூக்கவே இல்ல. ஒருத்தர் கேட்டதுக்கப்பறம்தான் தோணிச்சு. கேட்டவருக்கு கும்புடு.

மே 19
பேட்ச் பத்தி. க்யூஎமுக்கு அனுப்பற திருத்தத்த சொல்றேன், மே 4ல சொன்ன பேட்ச் ஃபைல் வேற.

எனக்கு ஆரம்பத்துலேந்து ஒரு ஆசை, க்யூஎமுல பழைய லோக்கல்டைம் ஆப்ஷன யாராவது குடுத்தா வெறுமனே இன்வாலிட் ஆப்ஷன்னு துப்பாம, "இப்ப இத இப்படி எழுதணும்"னு சொல்ற மாதிரி ஒரு வரி சேக்கணும்னு. எழுதியும் வச்சேன். அப்பறம் நீக்கின ஆப்ஷன்களோட பட்டியல் டாகுமென்ட்ல தனியா இருக்கறத பாத்தேன், அதுல இதுவும் இருக்கு, பதிலா எத போடணும்னும் இருக்கு. படிக்காதவனுக்காக கோடுல வரி சேத்துட்டே போனா முடிவே இல்ல, நீக்கறதுக்கே அர்த்தம் இல்லாம போய்டும். ஜகா வாங்கிட்டேன்.

பதிலா டாகுமென்ட்டுக்கு ஒரு பேட்ச், ஹோஸ்ட் தூங்கி எழுந்தா டிக் எண்ணி மணி பாக்கற பழைய ஓஎஸ் பின்தங்கும், ஆர்டிசி தங்காதுன்னு நாலு வரி. நாலு வரிக்கு நான் பட்ட பாடு இருக்கே. முதல்ல கையெழுத்து மாதிரி போடற சைன்ட் ஆஃப் பை வரிய மறந்துட்டேன். மெயில் க்ளையன்ட்ல பேஸ்ட் பண்ணி அனுப்பலாம்னு பாத்தா அது வரிய மடிச்சுப் போட்டு ஹெச்டிஎம்எல் ஆக்கி வச்சிருக்கு, அப்படி அனுப்பினா பேட்ச அப்ளை பண்ணவே முடியாது. பேட்ச கெடுக்காம மெயில்ல அனுப்பற கிட் சென்ட் இமெயில் செட் பண்ண ஒரு சாயந்தரம் போச்சு. செக்பேட்ச் ஸ்க்ரிப்ட் ஓட்டினா வரி கடைசில ஸ்பேஸ் விட்டிருக்கேன்னு கத்துது. எல்லாம் திருத்தி முதல்ல எனக்கே ஒரு தடவ அனுப்பிப் பாத்தேன், அப்பதான் தெரிஞ்சுது சப்ஜெக்ட் வரில ஆர்டிசிக்கு ஸ்பெல்லிங் தப்பு.

இன்னும் அனுப்பல. "பழைய ஓஎஸ்"ங்கற வார்த்தை சரியில்லன்னு தோணுது. பழசுங்கறது காரணம் இல்ல, எண்ணறதுதான் காரணம்.

மே 28
ஒருத்தர் "2003ல ஃபேப்ரிஸ் பெல்லார்ட் ஆரம்பிச்ச ப்ராஜெக்ட், இன்னிக்கு பெரிய பெரிய சர்வரெல்லாம் இதுல ஓடுது, நீங்க மீன் பில்லு போட்டுட்டு அதுல பேட்ச் அனுப்பறீங்களா"ன்னு கலாய்க்கறாரு. அண்ணே, அந்தப் பெரிய சர்வர் எல்லாத்தையும் 2015ல கலங்கடிச்சது எதுன்னு தெரியுமா? வெனம்னு ஒரு ஓட்டை. இருந்தது ஃப்ளாப்பி கன்ட்ரோலர்ல. 2004லேந்து யாரும் எட்டிப் பாக்காத கோடு, மெஷினுக்கு ஃப்ளாப்பி டிரைவே குடுக்கலன்னாலும் உள்ள உக்காந்திருந்துச்சு. பழச சீண்டற ஆளு நாலு பேரு வேணும்ணே.

அது இருக்கட்டும், நிஜ ஃப்ளாப்பிலேந்து சித்தப்பாவோட 90கள் கணக்க எடுக்க யூஎஸ்பி டிரைவ் தேடி பர்மா பஜார் முழுக்க அலைஞ்சேன். கெடைக்கல. பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்ட்டுட்டு வந்துட்டேன். யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, ரெண்டு நாளைக்கு போதும்.

ஜூன் 6
பேட்ச் அனுப்பிட்டேன். பதில் வரல. ரெண்டு வாரம் பொறுத்துதான் பிங் பண்ணணும், அதுக்குள்ள பண்ணா மரியாதை இல்ல.

ஜூன் 17, காலை 7:30
தடை முடிஞ்சு லாஞ்சு போய் திரும்பி வந்துட்டிருக்கு. ராத்திரி ஒரு மணிலேந்து கடைலதான் இருக்கேன், பேன்ட்டு முட்டி வரைக்கும் ஐஸ் தண்ணி. மொத பில்லு 2:40. மூடினாரு, தொறந்தாரு, மூடினாரு, எண்ணல, எப்படியும் முப்பது தடவ இருக்கும். 3:50க்கு ஒரு வஞ்சிரம் பில்லு, ரெண்டு பேரு ரேட்டுக்கு சண்டை போட்டுட்டிருந்தாங்க, நான் தேதிய மட்டும் பாத்தேன். 17. சுவத்து மணியும் டாஸ் மணியும் ஒண்ணு.

சித்தப்பா பில்ல வாங்கிப் பாத்தாரு, அப்பறம் தலைக்கு மேல மாட்டியிருக்கிற தினசரி காலண்டர பாத்தாரு, மறுபடியும் பில்ல பாத்தாரு. "இன்னாடா, மறுபடியும் ஒரு நாளு தள்ளி கீதே?"

காலண்டர்ல 16. யாரும் கிழிக்கல.

ஜூன் 17, மதியம்
தூங்கி எழுந்தேன். எடை மேடைக்காரரே, உங்க சீரியல் போர்ட் கேள்விய பாத்தேன், எடை நம்பர்ல முதல் இலக்கம் விழுந்துபோகுதுன்னு கேட்டது. அது வேற கதை, தனியா எழுதறேன். அதுக்குள்ள பாட் ரேட் (டேட்டா போற வேகம்) ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு மட்டும் பாத்து வைங்க, தயவுசெஞ்சு எந்த ஆப்ஷனையும் அழிக்காதீங்க.